ஹார்ப் லாகரை ருசித்து மதிப்பிடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: அயர்லாந்து பப்களில் அன்றாடம் ஓடுகிற ஹார்ப் போன்ற லாகரை (குறைந்த சூட்டில் நொதிக்க வைத்த வெளிர் பீர்) "தண்ணி மாதிரி இருக்கு" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் மதிப்பிட என்ன இருக்கிறது? முறையாக ருசித்துப் பார்ப்பது எப்படி?

மதிப்பிட நிறையவே இருக்கிறது. கறுப்பு ஸ்டவுட் பீரையோ, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான ஐ.பி.ஏ. பீரையோ மதிப்பிடுவதைவிட இதுதான் கடினமான வேலை. மசாலா தூக்கலான குழம்பில் ஒளிந்துகொள்கிற தப்பு ரசத்தில் ஒளிய முடியாது. வறுத்த பார்லியின் கசப்பும் ஹாப்ஸின் பழவாசனையும் மூடி மறைக்கிற குறைகள் வெளிர் லாகரில் அப்படியே மேலே வந்துவிடும். அதனால் "எவ்வளவு ருசி இருக்கிறது" என்பது இங்கே தவறான கேள்வி. கேட்க வேண்டியவை இரண்டு: சுத்தமாக, சமநிலையோடு, புதிதாக இருக்கிறதா? இல்லையென்றால், குறை ஆலையில் நேர்ந்ததா, ஆலையை விட்டு வந்த பிறகு நேர்ந்ததா? ஹார்ப்புக்குக் கிடைக்கிற கெட்ட பெயரில் பெரும்பங்கு இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பது என் உறுதியான கருத்து.

பீரின் பின்னணி கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 1950களின் கடைசியில் கின்னஸ் நிறுவனம் லாகர் சந்தையில் இறங்க முடிவு செய்து, லவுத் கவுன்டியில் டண்டாக் ஊரிலிருந்த கிரேட் நார்தர்ன் ஆலையை லாகர் ஆலையாக மாற்றியது. அதற்கு வழிகாட்டியவர் ஹெர்மன் மூண்டர் என்ற ஜெர்மானிய வல்லுநர். 1960-ல் ஹார்ப் முதலில் பாட்டிலில் வந்தது. 1964-ல் கெக்கில், அதாவது பப்பில் குழாய் வழியாக ஊற்றும் உலோகப் பீப்பாயில், வந்தது. ஆக, இது ஜெர்மானிய வார்ப்பில், ஸ்டவுட் குடித்துப் பழகிய நாட்டுக்காகச் செய்யப்பட்ட பீர். டண்டாக் ஆலை 2013-ல் மூடப்பட்டு, தயாரிப்பு டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலைக்குப் போய்விட்டது. பழைய ஆலை வளாகத்தில் இப்போது விஸ்கி வடிக்கிறார்கள். ஹார்ப் அதிகம் ஓடுவது வட அயர்லாந்திலும் எல்லையோர மாவட்டங்களிலும்தான். இது வெறும் வரலாற்றுத் தகவல் இல்லை. வேகமாக ஓடுகிற ஊரில் கெக் சீக்கிரம் காலியாகும், பீர் புதிதாக இருக்கும். தெற்கே எப்போதாவது ஒருவர் கேட்கிற பப்பில் அதே பீர் லைனில், அதாவது கெக்கிலிருந்து கவுன்டருக்கு வரும் குழாயில், கிடந்து கெடும்.

முதலில் லேபிளைப் படியுங்கள். அயர்லாந்தில் ஹார்ப் நெடுங்காலம் 4.3% ஆல்கஹால், வட அமெரிக்காவில் விற்பது 5%. சந்தைக்குச் சந்தை இது மாறும், ஆகவே ஒரு நாட்டுக்காரர் எழுதிய விமர்சனத்தை இன்னொரு நாட்டு கேனோடு ஒப்பிட முடியாது. போட்டிகளில் பரவலாகப் பயன்படும் அமெரிக்க பி.ஜே.சி.பி. (பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு) விதிமுறையில் இந்த வகைக்கு "இன்டர்நேஷனல் பேல் லாகர்" என்று பெயர். அதன் வரம்பு 4.5 முதல் 6% ஆல்கஹால், கசப்பு 18 முதல் 25 ஐ.பி.யு. (கசப்பை அளக்கும் அலகு). ஐரிஷ் ஹார்ப் ஆல்கஹாலில் ஒரு முடி அளவு கீழே நிற்கிறது. இதற்காக மதிப்பெண்ணை வெட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நடுவர் கையில் அளவுமானி கிடையாது, நாக்குதான் இருக்கிறது. வாயில் பீரின் கனம் மெலிந்து தெரிந்தால் மட்டும் குறைத்தால் போதும்.

வாங்கும்போது கேனே நல்லது. வெளிச்சம் துளியும் உள்ளே போகாது. பாட்டில்தான் கிடைக்கிறது என்றால், கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்பதை விட்டுவிட்டு பின்வரிசையிலிருந்து எடுங்கள். கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். அந்தக் கெடு முடிய இன்னும் நெடுநாள் இருக்க வேண்டும். விலையை வைத்துப் பழசைக் கண்டுபிடிக்க முடியாது. 2022 ஜனவரி முதல் அயர்லாந்துக் குடியரசில் ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 10 சென்ட் குறைந்தபட்ச விலை என்று சட்டம் இருக்கிறது. 4.3% உள்ள 500 மி.லி. கேனில் சுமார் 17 கிராம் ஆல்கஹால் (500 × 0.043 × 0.789), எனவே 1.70 யூரோவுக்குக் கீழே எந்தக் கடையும் விற்க முடியாது, கெடு நெருங்கிய சரக்காக இருந்தாலும்.

சூட்டில் பீர் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதற்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 3 டிகிரியில் 300 நாள், 22 டிகிரியில் 30 நாள், 32 டிகிரியில் 3 நாள். மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவு முதுமை அடைகிறது. துல்லியமான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் திசை சரி. கோடையில் கார் டிக்கியில் கிடந்த கேனை ருசித்துவிட்டு ஆலையைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது கிளாஸ். இதில்தான் வீட்டில் ருசிப்பவர்கள் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். எண்ணெய்ப் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவிய கிளாஸில் நுரை நிற்காது. வாசனையில்லாத சோப்பால் தனியாகக் கழுவி, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். சோதிக்க வேண்டுமென்றால் உட்பக்கத்தை நனைத்து உப்புத்தூளைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும், எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் ஒட்டாது. பீர் ஊற்றிய பிறகும் கிளாஸே காட்டிக்கொடுக்கும்: குமிழிகள் பக்கச் சுவரில் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது அழுக்கு. நல்ல கிளாஸில் குமிழிகள் அடியிலிருந்து மேலேறிப் போகும், ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் சுவரில் தங்கும். மதிப்பிட பைன்ட் கிளாஸ் (568 மி.லி.) தேவையில்லை. மேலே குவிந்த சின்ன வைன் கிளாஸில் 150 மி.லி. போதும், வாசனை நன்றாகத் தேங்கும்.

கேனை ஒரு நாள் நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். ருசிக்க 6, 7 டிகிரி வேண்டும், அதனால் எடுத்துப் பத்து நிமிடம் வெளியே இருக்கட்டும். பப்பில் 3 டிகிரி சுற்றி வருகிற லாகரில் குளிரும் கரியமில வாயுவின் குத்தலும் தவிர வேறெதுவும் தெரியாது. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. கிளாஸைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்து, பாதியில் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நுரை வர வேண்டும். நுரையே வராமல் பக்குவமாக ஊற்றுவது திறமை இல்லை. வாயு பீருக்குள்ளேயே தங்கி, வயிற்றை உப்ப வைத்து, வாசனையையும் அடக்கிவிடும்.

ஊற்றிய உடனே முகருங்கள், நிறத்தைப் பார்ப்பதெல்லாம் பிறகு. லாகர் ஈஸ்ட் விடுகிற லேசான கந்தக வாசனை ஓரிரு நிமிடத்தில் பறந்துவிடும். அது இருந்ததா என்பது முதல் முகர்தலில் மட்டுமே தெரியும். நீளமாக இழுக்காமல் குட்டிக்குட்டியாக இரண்டு மூன்று முறை முகர்ந்து, நினைத்ததை எழுதிவிடுங்கள். ஒழுங்கான ஹார்ப்பில் தெரிய வேண்டியவை: வெள்ளை ரொட்டி அல்லது க்ரீம் கிராக்கர் பிஸ்கட் போன்ற மெல்லிய தானிய மணம், அதன்மேல் புல்லோ பூவோ என்று சொல்லத் தோன்றுகிற சிறிது ஹாப்ஸ். இரண்டுமே அடக்கமாக இருக்கும். பழ வாசனை ஏறக்குறைய இல்லை. நிறம் வெளிர் தங்கம், பளிங்குத் தெளிவு, வெள்ளை நுரை.

பிறகு ஒரு நல்ல மடக்கு, 20 மி.லி. போல. வாய் முழுக்கப் பரப்பி விழுங்குங்கள். வைன் ருசிப்பவர்கள் துப்புவதுபோல் துப்பக் கூடாது, பீரின் கசப்பு தொண்டைப் பக்கம்தான் முழுதாகத் தெரியும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நாக்கு சொல்லாததை அந்த மூச்சு சொல்லும். ஹார்ப்பில் முதலில் தானியத்தின் சிறு இனிப்பு, அதன் தோளிலேயே கசப்பு, கடைசியில் உலர்ந்த சுத்தமான முடிவு. கசப்பு பத்து விநாடி நின்று இறங்கிவிட வேண்டும். கூடவே துவர்ப்பு வந்து நாக்கை இழுத்தால் அது குறை. ஊறவைத்த மால்ட்டிலிருந்து (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) சாறு எடுக்கும்போது உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கியிருக்கலாம். இனிப்பு பிசுபிசுவென்று தங்கினாலும் குறைதான். வாயுவைப் பொறுத்தவரை, இவ்வகை லாகரில் லிட்டருக்குச் சுமார் 5 கிராம் கரியமில வாயு இருக்கும். அது நாக்கில் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும், சோடாபோல் எரியக் கூடாது.

இப்போது பெரும்பாலோர் விட்டுவிடுகிற கட்டம். பாதி கிளாஸை மேசையில் அப்படியே விட்டு 12, 15 டிகிரிக்கு ஏற விடுங்கள், உள்ளங்கையால் மூடி ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் முகருங்கள். குளிரில் உறங்கிய குறைகள் எல்லாம் இப்போது எழுந்து வரும். வெதுவெதுப்பாகியும் ரொட்டி வாசனையோடு நிற்கிற லாகர் ஒழுங்காகச் செய்யப்பட்ட லாகர். மதிப்பெண்ணைத் தயங்காமல் கொடுக்கலாம்.

குறைகளில் முதலில் வெண்ணெய் வாசனை. பட்டர் பாப்கார்ன் மாதிரி மணமும் நாக்கில் வழுவழுப்பும் சேர்ந்து வந்தால் அது டைஅசிட்டைல். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே பலருக்குத் தெரிந்துவிடும். நொதிக்கும்போது ஈஸ்ட் இதன் மூலப்பொருளை வெளியே விட்டு, கடைசியில் டைஅசிட்டைலைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த அவகாசம் தராமல் சீக்கிரம் குளிர்வித்தால் வெண்ணெய் தங்கிவிடும். பெரிய ஆலைகள் இதைக் கருவியால் அளந்துதான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புகின்றன, ஆகையால் கேனில் அநேகமாகத் தெரியாது. ஆனால் பப் பைன்ட்டில் தெரியும். காரணம், அழுக்கு லைனில் குடியேறுகிற பெடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியா அதே பொருளைச் செய்கிறது, கூடவே புளிப்பையும் சேர்க்கிறது. வெண்ணெயும் புளிப்பும் ஒன்றாக வந்தால் லைனைச் சந்தேகியுங்கள். உறுதிப்படுத்த வழி எளிது: அதே பீரின் கேனையும் ருசித்துப் பாருங்கள். கேனில் இல்லாதது பைன்ட்டில் இருந்தால் ஆலைமீது குற்றமில்லை. அமெரிக்க பிரூவர்ஸ் அசோசியேஷன் லைனை 14 நாளுக்கு ஒருமுறை காரம் கலந்த கரைசலால் கழுவச் சொல்கிறது. பிரிட்டனில் வாரம் ஒருமுறை என்பது வழக்கம். கடை திறந்ததும் வருகிற முதல் பைன்ட் இரவெல்லாம் லைனில் கிடந்த பீர், அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

வேகவைத்த மக்காச்சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாசனை வந்தால் அது டைமெத்தில் சல்பைடு. வெளிர் மால்ட்டைக் குறைந்த சூட்டில் உலர்த்துவதால் இதன் மூலப்பொருள் அதில் அதிகம் தங்கும். சாறை மூடாமல் 60 முதல் 90 நிமிடம் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். கொதி போதாவிட்டாலும், கொதித்தபின் ஆறவைக்க நேரம் எடுத்தாலும் மிஞ்சும். லாகரில் ஒரு கோடு அளவு இருந்தால் குறையாக எழுத வேண்டாம், அது இவ்வகையின் இயல்பு. காய்கறி வேகிற அடுப்பங்கரை நினைவுக்கு வருகிற அளவு இருந்தால்தான் குறை. அதுபோல, அறுத்த பச்சை ஆப்பிள் வாசனை என்றால் அசிட்டால்டிஹைடு. முற்றாத பீரை அவசரமாக வடித்ததன் அடையாளம்.

வெயில் பட்ட நெடி தனி ரகம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்து, கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மத்தை உண்டாக்குகிறது. லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டும். பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. பப்பின் தோட்டத்தில் நல்ல வெயிலில் வைத்த பைன்ட் சில நிமிடங்களிலேயே நாற ஆரம்பிக்கும். பலர் இந்த நெடியை லாகரின் இயற்கை மணம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பச்சை பாட்டில்கள் பழக்கிவிட்டன.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, மால்ட்டின் இடத்தில் மந்தமான தேன் இனிப்பு, கசப்பு மழுங்கிப்போவது, இவை மூன்றும் ஆக்சிஜனும் வயதும் செய்கிற வேலை. அடங்கிய லாகருக்கு இதுதான் மிகப் பெரிய எதிரி, மறைத்துக்கொள்ள அதனிடம் வேறெதுவும் இல்லை. இரும்புக் காறல் தெரிந்தால் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகருங்கள். தோல் எண்ணெயோடு சேர்ந்து உலோக நெடி அழுத்தமாக எழும்பினால் சந்தேகம் உறுதி.

அயர்லாந்து பப்களுக்கே உரிய இன்னொரு கோளாறு வாயுவில். ஸ்டவுட்டைத் தள்ள 70% நைட்ரஜன், 30% கரியமில வாயு என்ற கலவை வேண்டும். லாகருக்குக் கரியமில வாயுவோ, அது கூடுதலாக உள்ள கலவையோ வேண்டும். ஸ்டவுட் கலவையையே லாகர் கெக்குக்கும் இணைத்துவிட்டால், கெக் குறையக் குறைய பீரிலிருந்து கரியமில வாயு வெளியேறும். தலைமேல் நுரை அழகாக க்ரீம்போல் நிற்கும், வாயில் வைத்தால் உயிரே இருக்காது. "தண்ணி மாதிரி" என்ற புகாரில் கணிசமான பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். கெக் புதிதாகத் திறந்தபோது நன்றாக இருந்து, கடைசியில் சப்பென்று போனால் வாயு இணைப்பே காரணம்.

ஒரே பீரைத் தனியாக ருசித்தால் மனம் சீக்கிரம் பழகிவிடும், பக்கத்தில் ஒன்றாவது வையுங்கள். ஹார்ப்போடு ராக்‌ஷோர், ஹைனெகன், ஹாப் ஹவுஸ் 13 ஆகிய மற்ற லாகர்களை இந்த வரிசையில் வைத்தால் மெல்லியதிலிருந்து வாசனை கூடியதுக்குப் போகலாம். ஹைனெகனில் மெலிதாக வாழைப்பழ மணம் தெரியும். அது அதன் ஈஸ்ட் தருவது, அங்கே குறை இல்லை. அதே மணம் ஹார்ப்பில் வந்தால் குறித்துவையுங்கள். ஹாப் ஹவுஸ் 13-ல் பழ மணமுள்ள ஹாப்ஸ் வேண்டுமென்றே தூக்கலாக இருக்கும், அதைக் குடித்துவிட்டு ஹார்ப்புக்குத் திரும்பினால் ஹார்ப் ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். வரிசை முக்கியம் என்பது அதனால்தான். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும். காரமான சாப்பாடு, காபி, புகை, சென்ட் எதுவும் ஒரு மணி நேரம் முன்பிருந்தே வேண்டாம்.

உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க முக்கோணச் சோதனை வையுங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு. கிளாஸுக்கு 30 மி.லி. வேறொருவர் ஊற்றி இடம் மாற்றி வைக்க, வேறானதை நீங்கள் காட்ட வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு தடவை சரியாகும். ஆறு சுற்றில் ஐந்து சரியாகச் சொன்னால் அது தற்செயல் இல்லை என்று கொள்ளலாம்; பத்துச் சுற்றென்றால் ஏழு. ஆறு சுற்றுக்கே 540 மி.லி. ஆகிவிடும், கிட்டத்தட்ட ஒரு பைன்ட். அதற்குமேல் நாக்கு நம்பத்தக்கதில்லை, மறுநாள் தொடருங்கள். அன்று வண்டி ஓட்டவும் வேண்டாம்.

மதிப்பெண்ணுக்கு பி.ஜே.சி.பி. தாள் வசதியானது. மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10, ஆக 50. புதிய கேனில் உள்ள ஹார்ப்புக்கு மணம் 7, தோற்றம் 3, சுவை 13, வாயுணர்வு 4, அபிப்பிராயம் 6 என்று 33 போடுவேன். அந்தத் தாளின் கணக்கில் 30 முதல் 37 வரை "மிக நன்று". மணத்திலும் சுவையிலும் நான் பிடித்துவைப்பது குறைக்காக இல்லை. ஹாப்ஸ் இன்னும் ஒரு படி தெளிவாக இருந்திருக்கலாம், தானிய இனிப்புக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் இருந்திருக்கலாம் என்பதற்காக. அதே பீர் சூட்டில் கிடந்து அட்டை வாசனை ஏறியிருந்தால் 22, 23-க்கு இறங்கும். அப்போது தாளில் தேதியையும் எங்கே எப்படி வாங்கியது என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பப்பில் பைன்ட் கெட்டிருந்தால் கால்வாசி குடிப்பதற்குள் கவுன்டருக்கு எடுத்துப் போங்கள். முக்கால் குடித்துவிட்டுச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "நன்றாக இல்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல், புளிக்கிறது, வெண்ணெய் வாசனை வருகிறது, வாயு இல்லை என்று எதுவோ அதைச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த பார்மேன் உடனே ஒரு வாய் ஊற்றி முகர்ந்து பார்ப்பார், பீரை மாற்றித் தருவார், பாதாள அறைக்கு இறங்கி கெக்கையும் பார்ப்பார். மாற்றித் தந்ததும் அதே மாதிரி இருந்தால் அங்கே அன்றைக்கு லாகரை விட்டுவிட்டு பாட்டில் கேளுங்கள்.